கல்முனைக் கடலில் ஓர் எண்ணெய்க் கப்பல்

தமிழ் கற்பிப்பதற்கென நியமனம் பெற்ற நான், ஆசிரியர் பற்றாக்குறையினால் சில வகுப்புகளுக்குச் சரித்திரமும் கற்பித்து வருகிறேன். இரண்டாவது உலக யுத்தத்தைப் பற்றிய பாடம் ஒருநாள் வந்தது. யப்பானியர் 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற் கொழும்பையும் திருகோணமலையையும் குண்டுவீசித் தாக்கினர் என்று ஒரு வாக்கியம். மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது என்று இன்னொரு வாக்கியம். இவ்வளவோடு நான் அடுத்த தலைப்புக்குச் செல்ல எத்தனித்தபோது, பின்வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்து, “சேர், நம்மட கடலில ஒண்டும் நடக்கல்லியா?” என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டேன். அது தவறான விடை என்பதை அறிந்துகொள்ள எனக்குச் சில மாதங்கள் சென்றன. இக்கட்டுரை அம்மாணவனுக்கு நான் அன்று சொல்லியிருக்க வேண்டிய விடையாகும்.

முதலில் ஒரு சிறு குறிப்பு. யுத்தகாலப் பதிவுகளில் ‘மட்டக்களப்புக்கு அப்பால்’ என்று காணப்படும் தொடரை நாம் எச்சரிக்கையாகப் படித்தல் வேண்டும். அம்பாறை மாவட்டம் 1961இலேதான் உருவாக்கப்பட்டது. அதற்கு முன்னர் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் யாவும் மட்டக்களப்பு மாவட்டமே. எனவே, வெள்ளைக்காரக் கப்பற் கப்பித்தான் ஒருவன் ‘மட்டக்களப்பு’ என்று எழுதினால் அது நமது ஊர்க் கரையாகவும் இருக்கலாம்.

உண்மையில் அவ்வாறே இருந்தது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து புறப்பட்ட விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கின. தாக்குதல் வருமென முன்கூட்டியே அறிந்த பிரித்தானியர், துறைமுகத்திலிருந்த கப்பல்களை முதல்நாள் இரவே வெளியேற்றித் தெற்கு நோக்கி அனுப்பியிருந்தனர். அவ்வாறு கரையோரமாகச் சென்ற கப்பல்களே மறுநாட் காலையில் அகப்பட்டுக்கொண்டன. ஹெர்மிஸ் கப்பலில் அன்று விமானங்கள் எவையும் இருக்கவில்லை. விமானமின்றிச் சென்ற விமானந்தாங்கி அரைமணி நேரத்துள் மூழ்கியது. 307 பேர் மாண்டனர். உடன்சென்ற வம்பயர் என்ற அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலும் மூழ்கியது. வீட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் உயிர்தப்பிய ஏறத்தாழ 600 பேரைக் கடலிலிருந்து மீட்டது.

இவை நூல்களில் உள்ளவை. அதே காலையில் வேறு கப்பல்களும் மூழ்கின. அவற்றுள் இரண்டு எண்ணெய்க் கப்பல்கள். பிரிட்டிஷ் சார்ஜண்ட் என்னும் 5,868 தொன் கப்பல் மட்டக்களப்புக்கு வடக்கே மூழ்கியது. இன்று கல்குடாப் பக்கத்துக்கு வரும் வெளிநாட்டுச் சுழியோடிகள் பார்த்து மகிழும் சிதைவு அதுவே. மற்றது அதெல்ஸ்டேன், 5,571 தொன். ஹொலிஹொக் என்ற சிறிய காவற்கப்பல் அதற்குத் துணையாகச் சென்றது. ஓர் எண்ணெய்க் கப்பலுக்கும் அதன் காவலுக்கும் நேர்ந்த கதி விரைவில் முடிந்துவிட்டது. அதெல்ஸ்டேன் கப்பலின் தொழிலாளர்கள் தப்பினர். காவலுக்குச் சென்ற ஹொலிஹொக்கிலோ ஏறத்தாழ ஐம்பது பேர் இறந்தனர். மட்டக்களப்பிலிருந்து தெற்கு-தென்கிழக்காக ஏறத்தாழ 30 கடல் மைல் தூரத்தில் இது நிகழ்ந்ததாகப் பதிவுகள் கூறுகின்றன. தேசப்படத்தில் அத்தூரத்தை அளந்து புள்ளியிட்டுப் பாருங்கள். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகிய ஊர்களின் கரைவலைகள் இழுக்கப்படும் அதே கரைக்கு எதிரேயுள்ள கடலில் அப்புள்ளி விழும்.

ஹெர்மிஸ் நினைவிலிருக்க, அதெல்ஸ்டேன் ஏன் மறக்கப்பட்டது? விமானந்தாங்கி கண்ணுக்குத் தெரியும் வீரம். எண்ணெய்க் கப்பலோ அடுக்களை வேலை. கலியாண வீட்டில் மாப்பிள்ளையைப் பார்க்க வருபவர் பண்டாரி யார் என்று கேட்பதில்லை. ஆயினும் யுத்தக் கப்பல் எவ்வளவு பெரிதானாலும், அதன் வயிற்றிலுள்ள எண்ணெய் தீர்ந்துவிட்டால் அது மிதக்கும் இரும்புக் குவியலே. பெரிய போர்க்கப்பல் பல நாட்கள் ஓடும். சிறிய நாசகாரிக் கப்பல் வேகமாக ஓடினாற் சில நாட்களிலேயே எண்ணெய்க்குத் தவிக்கும். ஆகவே கடற்படை ஒன்று எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதை அதன் பீரங்கிகளை எண்ணிக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு எண்ணெய் ஊட்டும் கப்பல்கள் எத்தனை, துறைமுகங்கள் எத்தனை என்று கேட்கவேண்டும்.

நடுக்கடலில் எண்ணெய் ஊட்டுவது எளிய வேலையன்று. பழைய முறையில் எண்ணெய்க் கப்பல் முன்னே செல்லும். அதன் பின்புறத்திலிருந்து நீண்ட இறப்பர்க் குழாயைக் கடலில் மிதக்கவிடுவார்கள். பின்னால் வரும் யுத்தக் கப்பல் அதைப் பிடித்துத் தன் தாங்கியுடன் பொருத்திக்கொள்ளும். பின்னர் வந்த முறையில் இரு கப்பல்களும் அருகருகே, ஒரே வேகத்தில், ஒரே திசையில் ஓடும். இரண்டுக்கும் இடையே கம்பிகளிற் குழாய் தொங்கும். ஓடும் கப்பல்கள் இரண்டுக்கும் இடையில் அகப்பட்ட நீர் அவற்றை ஒன்றை நோக்கி ஒன்றை இழுக்கும். சுக்கான் பிடிப்பவன் கண்ணிமைத்தால் இரண்டும் மோதும். அலை எழுந்தாற் குழாய் அறும். அறுந்த குழாயிலிருந்து பீறிடும் கறுப்பெண்ணெய் தளத்திலுள்ளோரைக் குளிப்பாட்டும். மணிக்கணக்கில் இரண்டு கப்பல்களும் வளையவோ விரையவோ இயலாமற் பகைவனுக்கு இலக்காகி நிற்கும். 1917ஆம் ஆண்டு அத்திலாந்திக் சமுத்திரத்தில் மாமி என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பல் ஓடிக்கொண்டே நாசகாரிக் கப்பல்களுக்கு எண்ணெய் வழங்கியது. அதன் பொறியியலதிகாரியாக இருந்தவர் பிற்காலத்திற் பசிபிக் யுத்தத்தை நடத்திய செஸ்டர் நிமிட்ஸ்.

இங்கு ஒரு வினா எழுகின்றது. உலகிலேயே பெரிய கடற்படையை வைத்திருந்த பிரித்தானியர் ஏன் இக்கலையில் அமெரிக்கருக்கும் யப்பானியருக்கும் பின்னால் நின்றனர்? அவர்களிடம் எண்ணெய்க் கப்பல்கள் இல்லாமலில்லை. 1905ஆம் ஆண்டிலேயே கடற்படைத் துணைக்கப்பற் சேவை ஒன்றை அமைத்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்களுடைய எண்ணெய்க் கப்பல்கள் பெரும்பாலும் துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்கே எண்ணெய் சுமந்தன. காரணம் தெளிவானது. ஜிப்ரோல்டர், மோல்டா, ஏடன், திருகோணமலை, சிங்கப்பூர் எனச் சில நாட் பயணத்துக்கு ஒரு துறைமுகம் அவர்களுக்குச் சொந்தமாக இருந்தது. பிறருடைய கரைகள் கைவசமிருப்பவனுக்கு நடுக்கடலில் எண்ணெய் ஊட்டும் தொல்லை எதற்கு? பரந்த பசிபிக்கிலே போதிய துறைமுகங்கள் இல்லாதவர்களே அந்தத் தொல்லையைக் கலையாக்கிக் கொண்டனர். பிரித்தானியக் கடற்படைக்கு நமது நாடே நங்கூரமிட்ட ஓர் எண்ணெய்க் கப்பலாக இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இது உவமைக்காகச் சொன்னதன்று. 1911ஆம் ஆண்டிற் கடற்படை அமைச்சராகிய சேர்ச்சில் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறும் முயற்சியைத் தீவிரப்படுத்தினார். பிரித்தானியாவில் நிலக்கரி இருந்தது, எண்ணெய் இருக்கவில்லை. ஆகவே 1914இற் பிரித்தானிய அரசாங்கம் 22 இலட்சம் பவுண் கொடுத்து, பாரசீகத்தில் எண்ணெய் எடுத்த ஆங்கிலோ-பேர்சியன் கம்பனியின் 51 சதவீதப் பங்கை வாங்கிற்று. அக்கம்பனி 1915இல் எண்ணெய்க் கப்பற் கம்பனியொன்றையும் தொடங்கிற்று. நமது கிழக்குக் கடலில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜண்ட் அக்கம்பனியின் கப்பல். பாரசீக மண்ணில் எடுத்த எண்ணெய் இந்து சமுத்திரத்தில் வந்திறங்க ஒரு கிடங்கு வேண்டுமல்லவா? சீனன்குடாவின் காட்டை வெட்டி, ஏறத்தாழ 850 ஏக்கர் நிலத்தில், ஒவ்வொன்றும் 12,000 கன மீற்றர் அளவு கொள்ளக்கூடிய நூற்றுக்கு மேற்பட்ட இரும்புத் தாங்கிகளை இரண்டு உலக யுத்தங்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் அவர்கள் நிறுவினர். ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானம் ஒன்று மோதி எரிந்தது இத்தாங்கிகளில் ஒன்றின் மீதுதான். தீ பல நாட்கள் அணையவில்லை.

எதிர்ப்பக்கத்தையும் நோக்குவோம். யப்பான் யுத்தத்தில் இறங்கியதற்கு எண்ணெயே பெருங் காரணம். 1941 ஆகஸ்டில் அமெரிக்கா எண்ணெய் விற்பனையை நிறுத்தியதும், டச்சுக்காரர் வசமிருந்த சுமாத்திராவின் எண்ணெய்க் கிணறுகளை யப்பானிய இராணுவம் குறிவைத்தது. 1942 பெப்ரவரியிற் பலம்பாங்கைக் கைப்பற்றியது. ஆசியா ஆசியருக்கே என்ற முழக்கத்தின் உள்ளே எண்ணெய் நாற்றம் வீசியது என்பதை நம்மவர் சிலர் அன்று உணரவில்லை. வெள்ளையனை விரட்ட வந்த விடுதலைவீரர் என்று யப்பானியரைக் கருதியோரும் இருந்தனர். மார்ச் 26ஆம் திகதி செலிபிஸ் தீவின் ஸ்டாரிங் குடாவிலிருந்து நகுமோவின் கப்பற் கூட்டம் புறப்பட்டது. ஐந்து விமானந்தாங்கிகள், நான்கு போர்க்கப்பல்கள், துணைக்கப்பல்கள். வழியில் அவர்களுக்கென்று ஒரு துறைமுகமும் இல்லை. கூடவே வந்த எண்ணெய்க் கப்பல்கள் இல்லையேல் அவர்கள் இலங்கையைக் கண்டிருக்க மாட்டார்கள். ஹவாய்த் தீவுகளின் பேர்ள் துறைமுகத்துக்கும் அவர்கள் இவ்வாறே சென்றிருந்தனர்.

இனி நடந்ததைக் கவனியுங்கள். யப்பானியர் ஏப்ரல் முதல் நாளளவில் வருவர் என்ற தகவல் பிரித்தானிய அட்மிரல் சொமர்வில்லுக்குக் கிடைத்திருந்தது. அவர் தம் கப்பல்களை இலங்கைக்குத் தெற்கே நிறுத்தி மூன்று நாட்கள் காத்திருந்தார். பகைவர் வரவில்லை. அவருடைய பழைய போர்க்கப்பல்கள் நான்கிலும் குடிநீரும் எண்ணெயும் குறைந்தன. ஏப்ரல் 2ஆம் திகதி இரவு மாலைதீவின் தென்கோடியிலுள்ள அட்டு என்னும் பவளத்தீவுக்குத் திரும்பினார். அவர் அங்கே எண்ணெய் நிரப்பச் சென்ற ஏப்ரல் 4ஆம் திகதியன்றே, கொக்கலவிலிருந்து பறந்த கனேடிய விமானி பேர்ச்சல் யப்பானியக் கப்பல்களைக் கண்டார். செய்தியனுப்பிய அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்பு தாக்கப்பட்டது, டோர்செற்ஷயர், கோர்ன்வால் ஆகிய இரு பெரிய கப்பல்கள் நடுக்கடலில் மூழ்கின, 424 பேர் மாண்டனர். சொமர்வில்லின் கடற்படை நகுமோவைச் சந்தித்திருந்தால் பெரும்பகுதி அழிந்திருக்கும் என்று கருதுவோர் உளர். இராக்காலச் சமர் வாய்த்திருந்தால் வேறு முடிவு வந்திருக்கலாம் என்போரும் உளர். எதுவாயினும் அச்சமர் நிகழாமற் போனதற்கு அட்மிரல்களின் வீரமோ கோழைத்தனமோ காரணமன்று. தாங்கியில் எண்ணெய் மட்டம் இறங்கியதே காரணம். சிலநாட்களிற் பிரித்தானியக் கடற்படையின் பழைய கப்பல்கள் ஆபிரிக்கக் கரையிலுள்ள கிலிந்தினித் துறைமுகத்துக்கே போய்விட்டன. தாயகத்தைக் காப்பாற்றும் என்று நமக்குச் சொல்லப்பட்ட கடற்படை அது.

அட்மிரல்களை விட்டு இயந்திர அறைக்குள் இறங்குவோம். பிரித்தானிய வணிகக் கப்பல்களில் அக்காலத்திற் தொழில் செய்தோரில் ஏறத்தாழ நாலிலொருவர் இந்தியர். அவர்களை லஸ்கர் என்று அழைத்தனர். சில்ஹட்டிலிருந்து வந்த முஸ்லிம்கள் கொதிகலன்களுக்குத் தீ வளர்த்தனர். கோவாக் கத்தோலிக்கர் சமையலறையிலும் உணவு மண்டபத்திலும் ஊழியம் செய்தனர். அதே கப்பலில், அதே குண்டுக்குக் கீழே நின்ற வெள்ளைத் தொழிலாளிக்குக் கிடைத்த கூலியில் ஒரு சிறு பங்கே அவர்களுக்குக் கிடைத்தது. உறங்குவதற்கு ஒதுக்கப்பட்ட இடமும் சிறியது. யுத்தம் மூண்ட 1939இல் அவர்கள் பிரித்தானியத் துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்தனர். நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றனர், கூலி உயர்ந்தது. யுத்தம் முடிவதற்குள் அவர்களில் 6,000க்கு மேற்பட்டோர் கடலில் மாண்டனர். யுத்தக் கப்பலில் இறந்தவனுக்குப் பதக்கம் உண்டு, பட்டாளப் பெயர் உண்டு. எண்ணெய்க் கப்பலில் இறந்த லஸ்கரின் பெயரோ பல வேளைகளில் கம்பனிக் கணக்கேட்டில் கூலி நிறுத்தப்பட்ட நாளோடு முடிந்தது.

என் மூத்தாப்பா கடற்றொழிலாளியல்லர், வயற்காரர். 1942ஐப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அவர் கப்பலைப் பற்றிப் பேசியதே இல்லை. “அது கூப்பன் காலம் மகன்” என்றுதான் தொடங்குவார். அவருடைய நினைவு பிழையானதன்று. அவர் வேறொரு முனையிலிருந்து அதே சரித்திரத்தையே சொன்னார். இலங்கை உண்ட அரிசியில் மூன்றிலிரண்டு பங்களவு வெளியிலிருந்து வந்தது. அதிற் பெரும்பகுதி பர்மாவிலிருந்து. மார்ச் 8ஆம் திகதி ரங்கூன் வீழ்ந்தது. ஏப்ரலில் வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. அரிசிப் பாதை அடைபட்டது. அரிசி பங்கீட்டுக்கு வந்தது; அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மா வந்தது; சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் வயல் செய்தவன், விளைந்த நெல்லில் ஒரு பங்கை அரசு வைத்த விலைக்கு ஒப்படைக்க வேண்டியவனானான். நூறு தாங்கிகள் எண்ணெய்க்கு இருந்த நாட்டில், அரிசிக்கு அத்தகைய கிடங்குகள் இருக்கவில்லை. யாருக்காக எதைச் சேமித்தார்கள் என்பதிலிருந்து ஓர் ஆட்சியின் இயல்பை அறிந்துகொள்ளலாம். அதே ஏப்ரலிலேதான் யுத்தத்தை எதிர்த்ததற்காகச் சிறையிலிருந்த சமசமாஜத் தலைவர்கள் என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி. சில்வா, பிலிப் குணவர்த்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய நால்வரும் கண்டிச் சிறையிலிருந்து தப்பிச் சென்றனர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

பிரித்தானியரும் பின்னர் பாடம் கற்றனர். 1945 ஜனவரியில் அவர்களுடைய விமானந்தாங்கிகள் திருகோணமலையிலிருந்து புறப்பட்டுப் பலம்பாங்கின் எண்ணெய் ஆலைகளைத் தாக்கச் சென்றன. எக்கோடேல், வேவ் கிங் முதலிய எண்ணெய்க் கப்பல்கள் முன்னதாகவே கடலிற் போய்க் காத்திருந்தன. பழக்கமின்மையாற் குழாய்கள் அறுந்தன, நேரம் வீணாயிற்று. எண்ணெய் ஆலையை அழிக்க எண்ணெயைச் செலவிட்டுச் சென்ற அப்பயணம் இருபதாம் நூற்றாண்டின் யுத்தங்களுக்கு ஒரு சிறந்த படம்.

சுதந்திரத்துக்கு முன்பாகவே, 1947 நவம்பரில், இலங்கை பிரித்தானியாவுடன் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது. கொடி இறங்கியது, தாங்கிகள் அவர்கள் வசமே இருந்தன. 1957 ஒக்டோபரிற் பண்டாரநாயக்க ஆட்சியிலேதான் திருகோணமலைத் தளம் நம்மிடம் வந்தது. 1961இற் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைந்து, அந்நியக் கம்பனிகளின் உடைமைகள் சில பொறுப்பேற்கப்பட்டபோது, 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்திற்று. எண்ணெய் வெறும் சரக்கன்று என்பதை அந்த ஒரு நடவடிக்கை நமக்குக் கற்பித்தது.

தளங்கள் கைநழுவியபின் வல்லரசுகள் இருவழிகளைக் கண்டன. ஒன்று, குடிசனம் இல்லாத கரை. இல்லாவிட்டால் இல்லாமற் செய்த கரை! தியகோ கார்சியாத் தீவின் மக்கள் 1968 முதல் 1973 வரையிலான காலத்தில் வெளியேற்றப்பட்டு அங்கு அமெரிக்கத் தளம் எழுந்தது. மற்றது, தளமே இல்லாமல் வசதியை மட்டும் பெறுவது. கடலில் எண்ணெய் ஊட்டும் பெரிய துணைக்கப்பல்கள் ஒருபுறம். துறைமுகங்களில் எரிபொருளும் உணவும் பெறும் ஒப்பந்தங்கள் மறுபுறம். இலங்கையும் அமெரிக்காவும் 2007 மார்ச்சிற் கைச்சாத்திட்டு 2017இற் புதுப்பித்த பரஸ்பர வழங்கல் உடன்பாடு இத்தகையது. அதே 2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீனக் கம்பனிக்குச் சென்றது. சீனன்குடாவின் எஞ்சிய 99 தாங்கிகளை இந்தியக் கம்பனியும் நமது கூட்டுத்தாபனமும் பங்கிட்டுக்கொள்ளும் உடன்படிக்கை 2022 ஜனவரியில் ஒப்பமிடப்பட்டது: அவர்களுக்கு 14, நமக்கு 24, கூட்டாக 61. அவ்வுடன்படிக்கையின் மை காய்ந்து சில மாதங்களில், பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாம் நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். கல்முனைக் கரையில் வள்ளங்கள் மண்ணெண்ணெய் இன்றி ஏறிக்கிடந்தன. தாங்கி இருப்பது வேறு, அதில் நமக்கென்று எண்ணெய் இருப்பது வேறு.

இன்னுமொன்று. 2020 செப்டெம்பர் 3ஆம் திகதி, அம்பாறைக் கரையின் சங்கமன்கண்டி முனைக்குக் கிழக்கே, நியூ டயமண்ட் என்னும் பாரிய எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியது. குவைத்திலிருந்து இந்தியாவின் பாரதீப் துறைமுகத்துக்கு 2,70,000 தொன் மசகெண்ணெயை அது ஏற்றி வந்தது. அதெல்ஸ்டேன் போன்ற கப்பல்கள் பலவற்றை ஒன்றன்மேலொன்றாக அடுக்கினாலும் எட்டாத அளவு. இலங்கை, இந்தியக் கப்பல்கள் பல நாட்கள் போராடித் தீயை அணைத்தன. சரக்கெண்ணெய் கடலிற் கலக்காமற் தப்பினோம். கப்பலில் இருந்த 23 பேரில் ஒருவர் மட்டும் இறந்தார். அவர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். வெடிப்பு நிகழ்ந்தது இயந்திர அறையில்.

அந்த வாரம் என் வகுப்பில், சுவரிலிருந்த தேசப்படத்தை இறக்கி மேசைமேல் விரித்தோம். நியூ டயமண்ட் நின்ற இடத்தை மாணவர்கள் குறித்தார்கள். அதற்குச் சற்று வடக்கே, கரைக்கு அண்மையில், நிந்தவூருக்கு எதிரே இன்னொரு புள்ளியை நான் இட்டேன். அதனருகே அதெல்ஸ்டேன், ஹொலிஹொக், 9.4.1942 என்று எழுதினேன். பின்வாங்கு மாணவன் அதற்குள் பாடசாலையை விட்டுப் போயிருந்தான்.